247 அட்டைகளும் 74 கட்டைகளும்: எது காசுக்குத் தகும்?

வீட்டிலேயே எழுத்தும் எண்ணும் சொல்லித்தர முனைபவர்கள் பலர் முதலில் கைவைப்பது இரண்டு பொருள்களில்: தமிழ் எழுத்து அட்டைப் பெட்டி, நீளத்துக்கு ஒரு நிறமாக வரும் குசினேர் எண் கட்டைகள். கட்டைகளைத் தயங்காமல் வாங்கலாம். அட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கடைகளில் கிடைக்கும் அட்டைப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி. இதை வைத்து 'மாமா' என்று அடுக்கிப் பாருங்கள். 'மா' ஒன்றுதான் இருக்கும். தாத்தா, பாப்பா, காக்கா எல்லாம் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளை முதலில் ஆசைப்படுவதே இந்தச் சொற்களுக்குத்தான். காட்டி 'இது என்ன' என்று கேட்க இந்தப் பெட்டி போதும், சொல் கட்ட ஆகாது. வாழ்நாளில் ஒருமுறைகூடப் படிக்க வராத 'ஙௌ'வுக்கும் ஓர் அட்டை, வரிக்கு வரி வரும் 'ம்'முக்கும் ஓர் அட்டை என்பது என்ன கணக்கோ!

தேட வேண்டியது குறிகள் தனியாக உள்ள பெட்டி. உயிர் 12, புள்ளி வைத்த மெய் 18, அகரமேறிய மெய் 18 (இது மட்டும் இரண்டிரண்டு பிரதி), துணைக்கால் மூன்று, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி இரண்டிரண்டு. இகர, ஈகாரக் குறிகள் எழுத்தின் தலையோடு ஒட்டுவதால் தனி அட்டையில் சற்று விலகித் தெரியும், பொறுத்துக்கொள்ளலாம். உகர, ஊகார வரிசைகளில் அப்படி முடியாது. கு, பு, து மூன்றிலும் உகரம் மூன்று விதமாக வளைகிறது. அந்த 36 எழுத்துகளும் முழு அட்டையாகவே இருக்க வேண்டும். எல்லா மெய்க்கும் ஒரே உகரக் குறி தரும் பெட்டி தப்பு எழுத்தைப் பழக்கிவிடும்.

அச்சையும் பாருங்கள். ரகரத்தின் அடியில் சாய்கோடு இல்லையென்றால் அதுவும் துணைக்காலும் ஒன்றுபோல் தெரியும். 'கர' எது, 'கா' எது என்று பிள்ளை திணறும். 'கௌ' எழுத்தின் வலப்பாதி ளகரத்தின் அளவிலேயே இருந்தால் அதைக் 'கெள' என்றுதான் வாசிக்கும்.

தொடக்கத்துக்கு ஐந்தே அட்டை போதும்: ட, ப, ம, ட், ம். படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொல் கிடைத்துவிடும். பிறகு ர, க, ல, ல் சேர்த்தால் மரம், கடல், பகல். இவை தடுக்காமல் வந்த பின்தான் துணைக்கால். கொம்பு கடைசி, ஏனெனில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, காதுக்கு முதலில் வருவது மெய். 'பெ' அடுக்கும்போது பகரத்தை முதலில் வைத்துவிட்டுக் கொம்பை இடப்பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். அட்டையோடு வரும் கையேடு 'இட்', 'இம்' என்று மெய்யைச் சொல்லச் சொன்னால் அதை ஒதுக்கிவிடலாம். அப்படிப் பழகிய பிள்ளை படத்தை 'ப ட இம்' என்று துண்டு துண்டாக வாசித்து அங்கேயே நிற்கும்.

இனி கட்டைகள். பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் உருவாக்கி 1952இல் நூலாக விளக்கியவை. ஒரு சென்டிமீட்டர் வெள்ளையில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் ஆரஞ்சு வரை பத்து நீளம், பத்து நிறம். வழக்கமான சிறிய பெட்டியில் 74 இருக்கும். கட்டைகளின் மேல் கோடோ எண்ணோ இல்லாததுதான் இதன் சிறப்பு. கோடு போட்ட மலிவுப் பதிப்புகளில் பிள்ளை ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கிவிடும். ஐந்தை ஐந்தாகவே பார்க்கும் பழக்கம் வராது.

வாங்கியதும் பத்து வெள்ளைகளை வரிசையாக வைத்து ஓர் ஆரஞ்சோடு ஒப்பிடுங்கள். மரக் கட்டையில் வண்ணப்பூச்சு தடித்திருந்தால் வெள்ளை வரிசை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் எண்ணின் பேச்சே வேண்டாம். ஆரஞ்சுக்குச் சமமாக இரண்டிரண்டு கட்டைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: நீலம்-வெள்ளை, பழுப்பு-சிவப்பு, கறுப்பு-இளம்பச்சை, கரும்பச்சை-ஊதா, மஞ்சள்-மஞ்சள். பத்தின் ஜோடிகள் கைக்கு வந்த பின் 8 + 5. பழுப்பும் மஞ்சளும் சேர்ந்து ஆரஞ்சைத் தாண்டும். பழுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வைத்தால் பத்து நிரம்பும். மஞ்சளில் சிவப்பு போக மிச்சம் இளம்பச்சை, அதாவது மூன்று. பத்தும் மூன்றும் 13. விரல்விட்டு எண்ணும் பிள்ளைக்குப் பிடிபடாத இடம் இது, கட்டையில் சட்டென்று தெரிந்துவிடும். எண்களைப் பேனாவால் கட்டையில் எழுதிவைக்காதீர்கள். பின்னால் ஊதாவை ஒன்று என வைத்துச் சிவப்பை அரை என்று காட்ட வேண்டியிருக்கும்.

குறையும் உண்டு. மஞ்சள் முதல் ஆரஞ்சு வரை நிறத்துக்கு நான்குதான். 7 × 6 அடுக்க ஆறு கறுப்பு வேண்டும், அதற்கு இன்னொரு பெட்டி தேவை. கூட்டல் கழித்தல் மட்டும் நடக்கும் வரை ஒன்றே தாராளம். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத பிள்ளை நிறத்தை விட்டு நீளத்தை வைத்தே பழக வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள வீட்டில் 22 வெள்ளைகளையும் ஒவ்வொரு முறையும் எண்ணி எடுத்து வையுங்கள். தொண்டையில் சிக்கும் அளவு அது.