யாழ்ப்பாணத்தில் எழுதிய பில்லிங் மென்பொருள்: தேக்கா மளிகைக் கடைக்குச் சரிப்படுமா?

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் எங்கள் குடும்பத்துக்கு மளிகை மொத்த வியாபாரம். மிளகாய், மல்லி, பருப்பு, புளி என்று மூட்டையாக இறக்கி உணவகங்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் கொடுக்கிறோம். பில்லுக்கும் சரக்குக் கணக்குக்கும் புதிதாக மென்பொருள் செய்து கொடுத்தது யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு சின்னக் குழு. அவர்கள் வேண்டாம் என்றதால் பெயர் போடவில்லை. ஆனால் "இலங்கைக்குக் கொடுத்துச் செய்யலாமா, நம்பலாமா?" என்று இங்கே பல கடைக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். செய்யலாம். விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் போனால் மட்டும் வேண்டாம்.

முன்பு நாங்கள் வைத்திருந்த மென்பொருளுக்கு ஒரு பொருள், ஒரு விலை, ஒரு எண்ணிக்கை என்றுதான் தெரியும். கைப்பேசிக் கடைக்கு அது போதும். மிளகாய் அப்படி இல்லை. 25 கிலோ என்று அச்சடித்த மூட்டை கிடங்கில் கிடக்கக் கிடக்க ஈரம் வற்றி எடை இறங்கும். இதை மென்பொருள் விற்க வந்த யாரும் கேட்டதில்லை. யாழ்ப்பாணக் குழுவில் இருந்த பெண் முதல் வாரத்திலேயே வீடியோ அழைப்பில், "அக்கா, ஒரு மூட்டையைத் தராசில வச்சுக் காட்டுங்கோ" என்றாள். வைத்தோம். 24.6 காட்டியது. "அப்ப பில் எந்த நிறைக்குப் போடுறனீங்கள்? மூட்டையில எழுதியிருக்கிறதுக்கோ, தராசு காட்டுறதுக்கோ?"

முழு மூட்டையாகப் போனால் எழுதிய எடை, பிரித்துச் சில்லறையாகப் போனால் தராசு எடை என்றேன். அவள் அதை அப்படியே கணக்கில் கொண்டுவந்துவிட்டாள். ஒரு மூட்டையைப் பிரித்தவுடன் தராசு எடை பதிவாகும், குறைந்த நானூறு கிராம் 'வற்றல்' என்று தனி வரியில் போய் உட்காரும். எந்த ஊர் மிளகாய் எவ்வளவு வற்றுகிறது என்பது இப்போது மாதக் கடைசியில் தெரிகிறது. இதற்கு முன்பெல்லாம் சரக்கு குறைந்தால் கிடங்கில் வேலை செய்யும் பையன்கள் மேல்தான் பேச்சு வரும். அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

இங்கே பொருள் சேவை வரி 2024 ஜனவரியிலிருந்து 9 சதவிகிதம். பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வரி போட்டு, அருகிலுள்ள காசுக்கு முழுமையாக்கிக் கூட்டினால் ஒரு தொகை வரும், மொத்தத்துக்குப் போட்டால் ஒரு காசு முன்னே பின்னே வரும். இருபது முப்பது பொருள் உள்ள உணவகப் பில்லில் இந்த ஒரு காசுக்காகக் கணக்காளர் தொலைபேசியில் கூப்பிடுவார். அதை ஒரே முறையாக்கிக் கொடுத்தார்கள். கைப்பேசியில் ஸ்கேன் செய்து வங்கியிலிருந்து நேராகப் பணம் கட்டும் பேநவ் கியூஆர் பில்லிலேயே தொகையோடு அச்சாகிறது. நன்றாக வேலை செய்கிறது, அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

இன்வாய்ஸ்நவ், அதாவது கடைகளுக்கு இடையே மின்விலைப்பட்டியல் அனுப்பும் சிங்கப்பூர் வலைப்பின்னல், அதன் இணைப்பு வேலை இன்னும் முடியவில்லை. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் அங்கீகரித்த இணைப்பு நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் அந்த வலைப்பின்னலுக்குள் போக முடியும். வெளிநாட்டில் இருக்கும் சின்னக் குழு தானே நேராகச் செய்துவிட முடியாது. அந்த நிறுவனத்தை நாம்தான் தேடிப் பேசி, இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. பெரிய வாடிக்கையாளர்கள் மின்விலைப்பட்டியல் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் இதை முதலிலேயே பேசிவிடுங்கள். அப்புறம், சின்ன நிறுவனங்கள் மென்பொருள் வாங்க இங்கே அரசு தரும் பிஎஸ்ஜி மானியம் முன்கூட்டி அங்கீகரித்த மென்பொருள்களுக்குத்தான். இப்படித் தனியாகச் செய்து வாங்குவதற்குக் கிடைக்காது. இங்கே கேட்ட விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தேன். இங்கே வாங்கினால் கிடைக்கும் மானியத்தையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை.

பணம் அமெரிக்க டாலரில் வங்கி வழியாக அனுப்புகிறேன். நடுவில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வதால் அங்கே குறைந்துதான் போய்ச் சேரும். அந்தக் கட்டணம் யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். நாங்கள் எங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டோம். வேலை முழுக்க சிங்கப்பூருக்கு வெளியே நடப்பதால் இங்கே வரிப் பிடித்தம் இல்லை. யாராவது இங்கே வந்து உட்கார்ந்து வேலை செய்தால் கதை வேறு, கணக்காளரைக் கேளுங்கள்.

"அங்கே கரண்டே இருக்காதே" என்பார்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாடுதான். அந்த ஆண்டிலேயே மின்கலமும் சூரியத் தகடும் போட்டுவிட்டார்களாம். அதைவிட முக்கியம், நம் தரவு சிங்கப்பூரில் உள்ள சர்வரில் இருக்கிறது. 2025 பிப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து இலங்கை முழுக்க மின்சாரம் போனது. அன்று ஞாயிற்றுக்கிழமை, தேக்காவில் நடக்க இடமிருக்காது. எங்கள் கல்லாவில் ஒரு பில்கூட நிற்கவில்லை.

எனக்குச் சிரமம் கொடுத்தது நேரமும் விடுமுறையும்தான். இரண்டரை மணி நேர வித்தியாசம் மாலையில் வசதி, காலையில் தொல்லை. நாங்கள் எட்டு மணிக்குக் கடை திறக்கும்போது அங்கே ஐந்தரை. லாரி வந்து நிற்கும்போது பில் அச்சாகவில்லை என்றால் யாரை எழுப்புவது? அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, தைப்பொங்கலும் விடுமுறை. நமக்கு வெசாக் பௌர்ணமி தவிர மற்றதெல்லாம் வேலை நாள். பொங்கலுக்கு முந்தைய வாரம் வெல்லமும் பச்சரிசியும் பறக்கும் நேரத்தில் உதவிக்கு ஆள் வேண்டுமென்று கேட்டு, காலை நேரத்துக்கு ஒருவரைத் தனிக் கட்டணத்தில் போட்டுக்கொண்டோம். அதன் பிறகு குறையில்லை.

குறை என்று அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தாமதமாகும் என்றால் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். "ஓம் அக்கா, செய்யலாம்" என்பார்கள், கடைசி நாளில்தான் தெரியும். சரக்குப் பகுதியை எழுதிய அந்தப் பெண் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படிப் போகிறார்கள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் எழுதியதை விளக்கும் குறிப்பு எதுவும் இல்லை. புதிதாக வந்த பையன் மிளகாய்க் கணக்கைப் புரிந்துகொள்ளும்வரை எங்கள் கல்லாவில் இருக்கும் அண்ணன் பழைய நோட்டை எடுத்துக் கையால் எழுதினார். மூல நிரல் (சோர்ஸ் கோட்) உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பு வந்த பிறகே அந்தத் தவணைப் பணம் என்று எழுதி வாங்குங்கள்.

திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. கொழும்பில் பிறந்த மில்லெனியம் ஐடி என்ற மென்பொருள் நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தை 2009இல் விலைக்கு வாங்கி, தன் வர்த்தகத்தையே அந்த மென்பொருளுக்கு மாற்றியது. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு என் மிளகாய் மூட்டை பெரிய கணக்கில்லை.

2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுக்குச் சேவை விற்று வரும் வருமானத்துக்கு அங்கே 15 சதவிகித வரி வந்துவிட்டது. முன்பு அதற்கு விலக்கு இருந்தது. பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டிக் கேட்டார்கள், பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். பதிலுக்கு, அந்தப் பையனோடு இன்னொருவருக்கும் எங்கள் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த வேலை காலாவதித் தேதி. முதலில் இறங்கிய பருப்பு முதலில் வெளியே போகிறதா என்று மூட்டை வாரியாகப் பார்க்க வேண்டும். அதையும் இவர்களிடமே கொடுத்திருக்கிறேன்.