முருங்கையிலையா, எலுமிச்சைப் புல்லா, வெட்டிவேரா: திருகோணமலைக் காணிக்கு எது சரிவரும்?

நிலாவெளியிலோ சாம்பல்தீவிலோ மூதூரிலோ ஒன்றிரண்டு ஏக்கர் காணி சும்மா கிடக்கும், கிணறும் இருக்கும், வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் காசு போடத் தயாராக இருப்பார், மூலிகை ஏற்றுமதியில் அள்ளலாம் என்று யாரோ ஒரு காணொளியும் அனுப்பியிருப்பார்கள். அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எதற்குக் கிலோவுக்குக் கூட விலை?

விலையை மட்டும் பார்த்தால் வெட்டிவேர் எண்ணெய்க்குப் பக்கத்தில் மற்றது எதுவும் நிற்காது. ஆனால் அந்த ஒரு கிலோ எண்ணெய்க்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், எத்தனை கிலோ வேர் தோண்ட வேண்டும், அந்த வேரை யாருடைய கொதிகலனில் வேகவைத்து எண்ணெய் வடிக்க வேண்டும் என்று கேட்டால் வரிசை மாறிவிடும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். தனியாளாக ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு முருங்கையிலை, அதுவும் சுத்தமாகக் காயவைத்துக் கொடுக்க முடிந்தால் மட்டும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் எலுமிச்சைப் புல். மணல் காணியும் வேறு வருமானமும் உள்ளவருக்கு வெட்டிவேர். கற்றாழை வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். காய்ந்த இலை விற்பதும் எண்ணெய் விற்பதும் இரண்டு வேறு தொழில்கள். சுங்கத்திலேயே காய்ந்த மூலிகை 1211 என்ற குறியீட்டில் போகும், வாசனை எண்ணெய் 3301-இல் போகும். இலை வாங்குகிறவர் மூலிகைத் தேநீர்க்காரர் அல்லது குளிசை அடைக்கிற கம்பனிக்காரர். கிருமி இருக்கிறதா, பூச்சிமருந்து இருக்கிறதா, ஈரப்பதம் எவ்வளவு என்பதுதான் அவருடைய கவலை. எண்ணெய் வாங்குகிறவர் சவர்க்காரம், வாசனைத் திரவியம் செய்கிறவர். ஆய்வுகூட அறிக்கையில் எலுமிச்சை வாசனை தருகிற சிட்ரால் என்ற பொருள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார், உங்கள் வளவில் கோழி மேய்ந்ததா என்று கேட்க மாட்டார். உங்களால் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் என்பதில்தான் பாதித் தெரிவு முடிந்துவிடுகிறது.

சரி, முருங்கை. நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை, நட்டால் வரும், வெட்டினால் துளிர்க்கும், இலைக்காக நெருக்கி நட்டால் ஐந்தாறு கிழமைக்கு ஒருதரம் வெட்டலாம். சிக்கல் வளர்ப்பதில் இல்லை, காயவைப்பதில் இருக்கிறது. பச்சை இலை 7, 8 கிலோ சேர்ந்தால்தான் 1 கிலோ பொடி. வெயிலில் நேரே விரித்தால் பச்சை நிறம் பழுப்பாகும், பழுப்பான பொடியை வாங்குகிறவர் தொட்டும் பார்க்க மாட்டார். நிழலில், காற்றோட்டத்தோடு, கூடிய சீக்கிரம் காய வேண்டும். இங்கேதான் திருகோணமலைக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சேர்ந்து வருகின்றன. மே தொடக்கம் செப்டம்பர் வரை அடிக்கிற கச்சான் காற்று இலை காயவைக்கவென்றே அனுப்பியது மாதிரி இருக்கும், அந்த மாதங்களில் சாதாரண நிழற்கொட்டகையே போதும். ஆனால் அப்போது மழை இல்லை, கிணற்றுத் தண்ணீர் இறைத்தால்தான் இலை வரும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காலம், மழை கொட்டும், மரம் இலையாகத் துளிர்த்துத் தள்ளும், ஆனால் காற்றில் ஈரம், கொட்டகையில் விரித்த இலை கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே சொட்டுநீர் போட்டுக் கச்சான் காலத்தில் வெட்டுவதா, உலர்த்தி என்கிற மின்சார இயந்திரத்தை வாங்கி மாரியில் வெட்டுவதா என்பதை நடுவதற்கு முன்னமே தீர்மானிக்க வேண்டும். சின்ன ஆளுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். குழாய்க்குப் போடுகிற காசு ஒருமுறைச் செலவு, உலர்த்திக்கு ஒவ்வொரு மாதமும் மின்சாரக் கட்டணம் வரும்.

அப்புறம் போட்டி. முருங்கையில் நமக்குப் போட்டி பக்கத்து மாவட்டம் இல்லை, தமிழ்நாடு. பெரியகுளத்தில் 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்-1 என்ற ரகம் காய்க்காக வந்தது, இன்று இலைக்கும் அதையே ஏக்கர் ஏக்கராகப் போடுகிறார்கள். விலையில் அவர்களோடு மோத முடியாது. மோதவும் வேண்டாம். சுத்தத்தில் மோதலாம், ஏனென்றால் இந்தச் சந்தையில் ஆட்கள் வழுக்கி விழுகிற இடம் அதுதான். 2025-இல் அமெரிக்காவில் முருங்கையிலைப் பொடியால் சால்மனெல்லா பரவிப் பெரிய பிரச்சினையாகி, சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். நன்றாகக் காய்ந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள், அது சாகாது, காய்ந்த பொடியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கழுவுகிற தண்ணீர், விரிக்கிற இடம், கை, பல்லி, கோழி, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கடைசியில் நீராவியால் கிருமி நீக்குகிற வசதியுள்ள ஏற்றுமதியாளருக்குக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. எதிலீன் ஒக்சைட் வாயுவால் கிருமி நீக்கினால் ஐரோப்பா தட்டிவிடும், 2020-இல் இந்திய எள்ளில் அது அகப்பட்டபோது நடந்த ரகளை இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மூலிகைத் தேநீருக்குப் போகும் காய்ந்த இலைகளில் பிரோலிசிடின் அல்கலொய்டு என்ற நச்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த நச்சு நீங்கள் நட்ட செடியில் வருவதில்லை, இடையில் முளைக்கிற களையில் வருகிறது. என்ன களை? நம் வேலியோரத்துத் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை. தரையோடு வெட்டும்போது இந்தச் செடிகள் இரண்டொன்று கலந்தாலே ஒரு முழுத் தொகுதி நிராகரிக்கப்படலாம். மரத்திலிருந்து கையால் ஒடிக்கிற முருங்கைக்கு இந்த ஆபத்துக் குறைவு, தரையோடு அறுக்கிற எலுமிச்சைப் புல்லைத் தேநீருக்குக் கொடுத்தால் ஆபத்து அதிகம். பூச்சிமருந்தும் அப்படித்தான். தனி வரம்பு இல்லாத மருந்துக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை, நீங்கள் ஒன்றும் அடிக்காவிட்டாலும் பக்கத்து வயல்காரர் அடித்தது காற்றில் வந்து படிந்தாலே அதைத் தாண்டிவிடும்.

எலுமிச்சைப் புல்லுக்கு வருவோம். இதில் மனநிம்மதி அதிகம். கட்டாக்காலி மாட்டுத் தொல்லை தெரிந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, வாசனைப் புல்லை மாடு ஆசைப்பட்டு மேயாது, முருங்கையை ஆடும் மாடும் விட்டுவைக்காது. வருடத்தில் மூன்று நான்கு தரம் அறுக்கலாம். வடித்துவிட்டால் பொருள் சுருங்கிவிடுகிறது, 1000 கிலோ பச்சைப் புல்லில் 3, 4 கிலோ எண்ணெய்தான், ஆகவே கொழும்புக்கு அனுப்புகிற செலவும் சுருங்குகிறது. கிருமிப் பேச்சே இல்லை. மாரியில் அறுத்தாலும் காயவைக்க வேண்டிய அவசியம் இல்லை, ஒருநாள் வாடவிட்டு வடித்தால் போதும்.

ஆனால் அந்த 1000 கிலோ என்ற எண்ணைத் திரும்பப் பாருங்கள். ஒரு ஏக்கர்க்காரர் கொதிகலன் வாங்கினால் அது வருடத்தில் முக்கால்வாசி நாள் சும்மா நிற்கும். விறகுச் செலவு வேறு. அறுத்த புல்லைத் தூரத்துக்கு ஏற்றிப் போகவும் முடியாது, பச்சைப் புல்லுக்கு லொறிக் கூலி கொடுப்பது தண்ணீருக்குக் கூலி கொடுப்பதுதான். வடிக்கிற இடம் சைக்கிள் தூரத்தில் இருக்க வேண்டும், அதைச் சுற்றி இருபது ஏக்கராவது புல் இருக்க வேண்டும். அதனால்தான் தனியாளுக்கு வேண்டாம், கூட்டத்துக்குச் சரி என்கிறேன். ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் ஏற்கெனவே சங்கமாக இயங்கிப் பழகிய ஆட்களுக்கு இது பொருந்தும்.

கூட்டம் என்றதும் ஒரு பழைய கதை. எலுமிச்சைப் புல்லின் ஒன்றுவிட்ட சகோதரி சிற்றனெல்லா, பெங்கிரி என்றால் தெற்கில் எல்லோருக்கும் தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் வடித்த இந்த எண்ணெய்தான் உலகச் சந்தையை ஆண்டது. அப்புறம் வியாபாரிகள் மண்ணெண்ணெய் கலக்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஷிம்மல் கம்பனி, மதுசாரத்தில் கரைத்துப் பார்த்துக் கலப்படத்தைப் பிடிக்கிற ஒரு சோதனையைக் கொண்டுவந்தது, நம் ஆட்கள் அந்தச் சோதனையைச் சரியாகத் தாண்டுகிற அளவுக்கு மட்டும் கலக்கப் பழகிக்கொண்டார்கள்! இதற்குள் ஜாவாக்காரர்கள், வாசனை தருகிற சிற்றனெல்லால் என்ற பொருள் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் இருக்கிற ரகத்தை வளர்த்துச் சந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், இலங்கை ரகத்தில் அது 5 முதல் 15 சதவீதம்தான். இன்றைக்கும் சர்வதேசத் தரத்தில் இலங்கை எண்ணெய்க்கு ஒரு எண், ஜாவா எண்ணெய்க்கு வேறு எண். பொதுக் கொதிகலன் வைக்கிற சங்கம் ஒவ்வொருவருடைய எண்ணெயையும் தனித்தனியாக அளந்து, மாதிரி எடுத்து, பெயர் எழுதி வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஒருவர் செய்கிற திருகுதாளம் எல்லோருடைய பீப்பாயையும் கெடுக்கும்.

வெட்டிவேர் பற்றிச் சுருக்கமாக. எண்ணெய்ச் சந்தையில் ஹெய்ட்டியும் ஜாவாவும் பெரிய கைகள். வேர் முற்ற ஒன்றரை வருடமாவது ஆகும், காய்ந்த வேரில் எண்ணெய் சுமார் 1 சதவீதம், ஒரு கொதிகலன் வேரை வடிக்க ஒரு பகல் ஓர் இரவு என்று போகும், புல்லைப்போல இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முடியாது. நல்ல விலை இந்தக் காத்திருப்புக்குத்தான். குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலில் வேர் நேராக இறங்கும், தோண்டும்போது அறுந்து போகாது, தமிழ்நாட்டில் கடலூர்க் கரையோர மணலில் போடுவதும் இதற்காகத்தான். எண்ணெய் வடிக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை, வேராகவே உள்ளூரிலும் வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளிலும் விற்கும், சின்ன அளவில் அதுதான் நல்ல வழி. ஒன்று மட்டும் கவனம், சரிவிலோ கடலரிப்பு உள்ள இடத்திலோ போடாதீர்கள். மண்ணைப் பிடித்து நிறுத்துகிற அதே வேரைப் பிடுங்கினால் மண்ணும் கூட வரும்.

கற்றாழை ஏன் வேண்டாம்? மடலில் பெரும்பகுதி தண்ணீர், வெட்டிய சில மணித்தியாலத்தில் கூழ் கெடத் தொடங்கும், ஆகவே பக்கத்தில் பதப்படுத்தும் தொழிற்சாலை இல்லாதவர் அந்தத் தொழிற்சாலைக்காரர் சொல்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். சட்டமும் தலைகீழாகப் புரண்டுகொண்டே இருக்கிறது. தோலுக்கடியில் இருக்கிற மஞ்சள் பாலில் உள்ள பொருள்களுக்காக ஐரோப்பா 2021-இல் உணவில் கற்றாழை இலைத் தயாரிப்புகளைத் தடுத்தது, 2024-இல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. பெரிய கம்பனிக்கு வக்கீல் இருக்கிறார், நமக்கு?

காட்டிலிருந்து சேகரிப்பதையும் சிலர் கேட்கிறார்கள், ஆவாரம்பூ, நன்னாரி, சிறுகுறிஞ்சா, கடுக்காய். ஆவாரம்பூத் தேநீருக்கு வாங்குகிறவர்கள் உண்டு, பூ பறித்தால் செடி சாகாது, சொந்தக் காணியில் நிற்கிறதைப் பறித்துக் காயவைத்தால் பெண்களுக்கு நல்ல கைச்செலவு. நன்னாரி வேறு கதை, வேரைப் பிடுங்கினால் செடி போயிற்று. காட்டுக் காணி என்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், கடதாசி இல்லாத காட்டு மூலிகையை ஒழுங்கான ஏற்றுமதியாளர் தொட மாட்டார். செடியை அடையாளம் காண்பதில் சந்தேகம் வந்தால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

இயற்கை விவசாயச் சான்றிதழ் இருந்தால் முருங்கைக்கு நல்ல விலை வரும், ஆனால் ஐரோப்பியச் சான்றிதழுக்கு மரப்பயிர் என்றால் 3 வருட மாறுகாலம், அதாவது இயற்கை முறைக்கு மாறிய பிறகு காத்திருக்க வேண்டிய காலம். தனியாகக் கட்டணம் கட்டினால் லாபம் அதிலேயே போய்விடும். குழுவாக எடுக்கலாம், புதிய ஐரோப்பியச் சட்டப்படி அந்தக் குழு சட்டபூர்வமாகப் பதிந்த அமைப்பாக இருக்க வேண்டும், 2000 பேருக்கு மேல் போகக்கூடாது.

இன்னொரு வயிற்றெரிச்சல். உலகம் புகழ்கிற இயற்கைத் துறைமுகம் வாசலில் இருக்கிறது, மாவுக்கும் சீமெந்துக்கும் கப்பல் வருகிறது, ஆனால் நம் பத்து மூட்டை இலை கொள்கலனில் ஏற 260 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். இந்தப் பயணத்தில் எண்ணெய்க்குச் சாதகம், இலைக்குப் பாதகம். தொடக்கத்தில் நேரடி ஏற்றுமதி என்ற ஆசையை விட்டு, கொழும்பு ஏற்றுமதியாளருக்குத் தரமான சரக்குக் கொடுப்பவராக இருந்தாலே போதும். புறக்கோட்டை கேபோஸ் லேன் மருந்துக்கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றினால் எது உள்ளூரில் ஓடுகிறது என்றும் தெரியும். நடுவதற்கு முன் அரைக் கிலோ மாதிரியோடு வாங்குகிறவரைப் பார்த்துவிடுங்கள், ஈரப்பதமும் கிருமிக் கணக்கும் எவ்வளவு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவருக்காக நட வேண்டாம்.

தம்பலகாமத்திலும் கிண்ணியாப் பக்கத்துக் களிமண்ணிலும் வயல் வைத்திருப்பவர்கள் கேட்டால் என் பதில் வேறு. தண்ணீர் தேங்கினால் முருங்கை அழுகும், எலுமிச்சைப் புல் சோரும், களிமண்ணில் வெட்டிவேரைத் தோண்டக் கூலி கொடுத்துக் கட்டாது. நீங்கள் நெல்லையே போடுங்கள், வரம்பில் வேண்டுமானால் நாலு முருங்கை நிற்கட்டும்.