சிங்கப்பூருக்கு ஃபாரெக்ஸ் கார்டு: வாங்கலாம், ஆனால் வெள்ளியை ஏற்றி

சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களிடம் வங்கிக் கிளையிலும் டிராவல் ஏஜென்சியிலும் தவறாமல் நீட்டப்படுவது ஃபாரெக்ஸ் கார்டு. ரூபாயைக் கட்டி, போகிற நாட்டின் நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ப்ரீபெய்ட் கார்டு அது. இங்கே வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்; வெறுமனே டாலர் என்றால் அமெரிக்க டாலர். 'மார்க்கப் (நாணயம் மாற்றுவதற்கான கூடுதல் கட்டணம்) கிடையாது' என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். ஏற்றிய நாணயத்திலேயே செலவு செய்கிறவரை அது உண்மை. இங்கே சொல்வது ஒரு வங்கியின் கார்டைப் பற்றி அல்ல. கட்டண அட்டவணையில் சில்லறை வித்தியாசங்கள் இருந்தாலும் இந்தியாவில் கிடைக்கும் கார்டுகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ரேட். கூகுளில் தெரிவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள சந்தை விலை. கார்டில் ஏற்றும்போது வங்கி தன் விற்பனை விலையைத்தான் போடும். அது நடு விலையைவிட 1.5 முதல் 3 சதவீதம் வரை கூடுதலாக இருப்பது சாதாரணம். மார்க்கப் இல்லாத கார்டில் வங்கியின் லாபம் உட்கார்ந்திருக்கும் இடம் இதுவே. எனவே கார்டு கட்டணம் 150 ரூபாயா 500 ரூபாயா என்று பேரம் பேசுவதைவிட, ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் மூன்று இடங்களில் 'வெள்ளி என்ன ரேட்?' என்று கேட்பது மேல். காலையில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் கேட்டு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். சனி, ஞாயிறில் சந்தை மூடியிருக்கும் என்பதால் பல வங்கிகள் பாதுகாப்புக்காக ரேட்டைச் சற்று ஏற்றியே வைக்கும். வாரநாளில், பகல் வேளையில் ஏற்றுவது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக 1 சிங்கப்பூர் வெள்ளியின் நடு விலை 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் குடும்பம் ஐந்து நாளில் 2,000 வெள்ளி செலவழிக்கிறது. சந்தை விலைப்படி 1,40,000 ரூபாய். வங்கி 2 சதவீதம் கூட்டி 71.40 என்று வெள்ளியை ஏற்றித் தந்தால் 1,42,800. நாணய மாற்றுக்கான ஜிஎஸ்டி முழுத் தொகைக்கு இல்லை. முதல் 1 லட்சத்துக்கு 1 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம்வரை அரை சதவீதம் என்று சேவையின் மதிப்பைக் கணக்கிட்டு, அந்த மதிப்பில்தான் 18 சதவீதம். இங்கே அது 219 ரூபாய். கார்டு கட்டணத்தையும் சேர்த்தால் 1,43,400 அளவில் நிற்கும்.

அதே செலவைச் சாதாரண கிரெடிட் கார்டில் செய்தால்? வழக்கமான மார்க்கப் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். விசா, மாஸ்டர்கார்டு போடும் ரேட் நடு விலைக்கு நெருக்கமாகவே இருக்கும் என்பதால் மொத்தம் 1,45,800 அளவில் வரும். மார்க்கப்பே இல்லாத கிரெடிட் கார்டு கையில் இருந்தால் அது ஃபாரெக்ஸ் கார்டையே தோற்கடிக்கும். ஏஜென்சிக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இந்தப் பட்டியலில் கடைசி இடம் டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டுக்கு. 'டாலர் எங்கே போனாலும் செல்லும் சார்' என்பார்கள். செல்லும்தான். ஆனால் சிங்கப்பூரில் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் டாலர் வெள்ளியாக மாற வேண்டும். அதற்கு கிராஸ் கரன்சி கட்டணம் பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம். வாங்கும்போது ரூபாயிலிருந்து டாலருக்கு 2 சதவீதம், செலவழிக்கும்போது டாலரிலிருந்து வெள்ளிக்கு 3.5 சதவீதம் என்றால், ஜிஎஸ்டியும் கார்டு கட்டணமும் சேர்ந்து அதே 2,000 வெள்ளி 1,48,400 ரூபாய் அளவில் நிற்கும். நேராக வெள்ளி ஏற்றியதைவிட ஏறக்குறைய 5,000 ரூபாய் அதிகம். பயணத்துக்கு முந்தைய மாதத்தில் வெள்ளி 70-லிருந்து 71-க்கு ஏறினால்கூட இந்தக் குடும்பத்துக்கு நஷ்டம் 2,000 ரூபாய்தான். ரேட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தினமும் போனைத் தடவிக்கொண்டிருப்பவர்கள், கார்டில் எந்த நாணயத்தை ஏற்றினார்கள் என்று விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

கார்டின் உண்மையான பலம் பூட்டு. ஏற்றிய நாளின் ரேட் அப்படியே நிற்கும். பிறகு வெள்ளி எங்கே போனாலும் கவலையில்லை. வெள்ளி விஷயத்தில் இதற்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு. சிங்கப்பூரின் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தை வைத்து அல்லாமல், தன் நாணயத்தின் மதிப்பை வைத்தே விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. விலைவாசி ஏறும் காலத்தில் வெள்ளியைச் சற்று வேகமாக வலுப்பெற விடுவார்கள். 2020 தொடக்கத்தில் 53 ரூபாய் அளவில் இருந்த வெள்ளி இன்று எங்கே நிற்கிறது என்பதில் பெரும்பகுதி ரூபாயின் கதை, மீதி இந்தக் கொள்கையின் கதை. பள்ளி விடுமுறைக்கு மூன்று மாதம் முன்பே டிக்கெட் போட்டவர்கள் பணத்தையும் இரண்டு மூன்று தவணையாக ஏற்றிக்கொள்ளலாம். ஒரே நாளின் ரேட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ரீலோடு கட்டணம் தவணைக்குத் தவணை உண்டா என்று மட்டும் முன்பே கேளுங்கள்.

இனி, அங்கே போனபின் எங்கெங்கே சறுக்கும் என்று பார்ப்போம்.

கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் 'ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா?' என்று கேட்கும். இந்திய வங்கியின் கார்டு என்று அதற்குத் தெரியும். அதில் வெள்ளி ஏற்றியிருப்பது தெரியாது. பழகிய நாணயம் என்று ரூபாயைத் தொட்டால், கடைக்காரரின் வங்கி தன் ரேட்டில் வெள்ளியை ரூபாயாக்கும். அந்த ரூபாயை உங்கள் கார்டு மறுபடியும் வெள்ளியாக மாற்றிக் கழிக்கும். 400 வெள்ளி பில்லுக்கு மெஷின் 5 சதவீதமும் கார்டு 3.5 சதவீதமும் எடுத்தால், கணக்கில் குறைவது 435 வெள்ளி. சில கடைகளில் காசாளரே ரூபாயை அமுக்கிவிட்டுச் சீட்டை நீட்டுவார். சீட்டில் ரூபாய்த் தொகை தெரிந்தால் கையெழுத்துப் போடும் முன்பே ரத்து செய்து, வெள்ளியில் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வேறு உருவில் வரும். மாற்றம் வேண்டாம் என்பதே சரியான பொத்தான்.

ஹோட்டல் டெபாசிட்டுக்கு இந்தக் கார்டைக் கொடுக்காதீர்கள். இரவுக்கு 100 வெள்ளி என்று நான்கு இரவுக்கு 400 பிடித்து வைத்தால், அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள்வரை ஆகலாம். கிரெடிட் கார்டில் அது வெறும் லிமிட். ப்ரீபெய்ட் கார்டில் அது உங்கள் சாப்பாட்டுப் பணம். வாடகைக் கார் நிறுவனங்கள் ப்ரீபெய்ட் கார்டைப் பெரும்பாலும் வாங்குவதே இல்லை.

பல நாணயக் கார்டு என்றால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளிக் கணக்கில் 40 இருக்க, 45-க்குத் தேய்த்தால், பல கார்டுகள் மறுக்காமல் டாலர் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்; கிராஸ் கரன்சி கட்டணம் சத்தமில்லாமல் விழும். வசதி என்று எழுதியிருப்பார்கள். ஆப்பில் அன்றாடம் இருப்பைப் பார்த்து, குறைந்தால் அங்கிருந்தே வெள்ளியை ரீலோடு செய்வது நல்லது. வங்கி விடுமுறை நாளில் ரீலோடு உடனே ஏறாமல் போகலாம் என்பதால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பின் நம்பரை மாற்றி, கான்டாக்ட்லெஸ், ஏடிஎம், ஆன்லைன் மூன்றும் திறந்திருக்கின்றனவா என்று ஆப்பில் சரிபாருங்கள். கிட்டில் இரண்டாவது கார்டு இருந்தால் அதை வேறு பையில் வையுங்கள்.

எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் கார்டையே தட்டி ஏறலாம். வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 சிங்கப்பூர் காசு (0.60 வெள்ளி) கூடுதல் கட்டணம். நாள் முழுக்கச் சுற்றினால் அது பெரிதில்லை. இரண்டே நிறுத்தம் போகிறவருக்கு எரிச்சல்தான்.

ரொக்கமும் கொஞ்சம் வேண்டும். தேக்கா சந்தையின் உணவுக் கடைகளில் கார்டு வாங்காதவை உண்டு. 200, 300 வெள்ளி போதும். விமான நிலையக் கவுன்டரில் மாற்றுவது கடைசி வழியாகவே இருக்கட்டும். சையது ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டரில் உள்ள நாணய மாற்றுக் கவுன்டரில் ரூபாயைக் கொடுத்தே வெள்ளி வாங்கலாம். ஆனால் இந்தியாவிலிருந்து ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் இந்திய நோட்டாக எடுத்துச் செல்லக் கூடாது. இங்கேயே வெளிநாட்டு நோட்டு வாங்கினால் ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை மட்டுமே. மீதியைக் கார்டில்தான் ஏற்ற வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் ஃபாரெக்ஸ் வாங்கினால் ரொக்கமாகக் கட்ட முடியாது.

ஃபாரெக்ஸ் வாங்கும்போதே வங்கி பிடிக்கும் வரியான டிசிஎஸ் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணில் 10 லட்சம் ரூபாய்வரை கார்டில் ஏற்றினால் டிசிஎஸ் இல்லை. அதைத் தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். அதுவும் வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியதே.

திரும்பி வந்ததும் 150 வெள்ளி மிச்சம் என்றால், வங்கி அதைத் தன் கொள்முதல் விலையில் எடுத்துக்கொள்ளும். 71.40-க்கு வாங்கியது 68.60-க்குப் போகும், 420 ரூபாய் நஷ்டம். 2,000 டாலர் மதிப்புவரை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அடுத்த ஆண்டும் போகிறவர் அப்படியே விடலாம், கார்டுக்குப் பயன்பாடில்லாக் கட்டணம் இல்லாத பட்சத்தில். மற்றவர்கள் கடைசி நாள் ஹோட்டல் பில்லுக்கு முதலில் இந்தக் கார்டில் மிச்சமிருப்பதைத் தீர்த்துவிட்டு, பில்லின் பாக்கியைக் கிரெடிட் கார்டில் கொடுப்பது சுலபமான வழி.

இதே பூட்டைப் பெரிய அளவில் வாங்குவதுதான் தொழில்காரர்களின் ஃபார்வர்டு கான்ட்ராக்ட்: பின்னொரு தேதியில் மாற்றப்போகும் நாணயத்துக்கு இன்றே வங்கியோடு விலை பேசிவைக்கும் ஒப்பந்தம். சுற்றுலாப் பயணிக்கு அது இருந்தால் நல்லது. தொழிலுக்கு அது லாபத்தின் உயிர். உங்களுக்கு டூர் பேக்கேஜ் விற்கும் ஏஜென்சியையே பாருங்கள். விலையை இன்று ரூபாயில் சொல்கிறது. சிங்கப்பூர் ஹோட்டலுக்கு மூன்று மாதம் கழித்து வெள்ளியில் கட்டுகிறது. இடையில் வெள்ளி ஏறினால் அடி அதற்குத்தான். அதனால்தான் கொட்டேஷனின் அடியில் 'ஆர்ஓஇ (நாணய மாற்று ரேட்) கடைசித் தவணை நாளின்படி' என்று ஒரு வரி இருக்கும். அடியை உங்கள் பக்கம் தள்ளும் வரி அது. எந்த வங்கியின், எந்த நேரத்து ரேட் என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளருக்குக் கணக்கு எதிர்த்திசை. 50,000 டாலர் ஆர்டர், டாலர் 90 ரூபாய் என்றால் 45 லட்சம். 6 சதவீத லாபம் 2.7 லட்சம். பணம் வரும் 90 நாளுக்குள் டாலர் 2 ரூபாய் இறங்கினால் 1 லட்சம் காலி. ரூபாய் சரிந்தால் ஏற்றுமதியாளருக்குக் கொண்டாட்டம் என்று டிவியில் சொல்வதும் பாதிதான் சரி: வாங்குபவரும் ரேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அடுத்த ஆர்டரில் விலையைக் குறைக்கச் சொல்வார், சாயமும் உதிரி பாகமும் இறக்குமதி என்றால் செலவும் ஏறும். ஃபார்வர்டு போட்டால் இந்திய வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகம் என்பதால் டாலர் விற்பவருக்கு இன்றைய விலைக்கு மேல் பிரீமியமும் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு 45 காசு பிரீமியம், வங்கியின் மார்ஜின் 10 காசு என்றால் 90.35-க்குப் பூட்டலாம்.

ஆனால் ஆர்டர் ரத்தானால் பூட்டு கழுத்தை இறுக்கும். வராத டாலரை 90.35-க்கு விற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்; அன்று டாலர் 92-இல் இருந்தால் வித்தியாசம் 1.65 வீதம் 82,500 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அதனால் முழு ஆர்டருக்கும் போடாமல், உறுதியான பகுதிக்கு மட்டும் போடுவதும், ஷிப்மென்ட் தள்ளிப்போகும் பழக்கமுள்ள வாங்குபவர் என்றால் ஒரே தேதிக்குப் பதில் ஒரு மாத காலத்துக்குள் எந்த நாளிலும் டாலரைக் கொடுக்கலாம் என்று போடுவதும் நடைமுறை. வந்த டாலரில் ஒரு பகுதியை இறக்குமதிக்கே கட்ட வேண்டுமானால் டாலரை டாலராகவே வைத்திருக்க ஏற்றுமதியாளருக்கு வங்கி தரும் இஇஎஃப்சி கணக்கில் வையுங்கள். இரண்டு முறை மாற்றும் செலவு மிச்சம். அதற்கு வட்டி கிடையாது. சும்மா கிடந்தால் அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக்கியாக வேண்டும். சின்ன ஏற்றுமதியாளரிடம் வங்கி எடுக்கும் மார்ஜின் 10 காசோடு நிற்பதில்லை. சிசிஐஎல் (கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா) நிறுவனம் 2019-இல் தொடங்கிய எஃப்எக்ஸ்-ரீடெயில் தளத்தில் வங்கி வழியாகப் பதிவு செய்துகொண்டால் சந்தை விலை கண்ணெதிரே தெரியும், அங்கேயே விற்கவும் முடியும். பதிவு செய்யாதவர்கள் வங்கிக்குப் போன் போடும்போது ஒரே விலையாகக் கேட்காமல் ஸ்பாட் (அப்போதைய சந்தை விலை) எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு, உங்கள் மார்ஜின் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.