வீட்டு முயல் விழாமலிருக்க: எந்த ஏற்பாடு மேல்?

முயலின் எலும்புக்கூடு அதன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம்தான். பூனைக்கு 12, 13 வரும். பின்னங்கால் தசைக்கோ அசுர பலம். பிடியில் திமிறி ஓங்கி உதைத்தாலே, விழாமலேயே இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு முறிந்துபோகலாம். ஆகவே பால்கனியை மட்டும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

கையில் தூக்குவதா, கூடைக்குள் வரவைப்பதா?
வீட்டுக்குள் நடக்கும் மோசமான விழுதல்களில் பல, நின்றபடி தூக்கிய கையிலிருந்துதான். தூக்கியே ஆகவேண்டுமென்றால் முதலில் தரையில் உட்காருங்கள். ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்புறத்தைத் தாங்கியபடி, உடலோடு அணைத்துக்கொள்ளுங்கள். நழுவினாலும் ஒரு சாண் உயரம்தான். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பக்கவாட்டில் திறக்கும் கூடையைத் தரையில் வைத்து, உள்ளே இரண்டு கொத்தமல்லித் தண்டு போட்டு, தானாக நுழையப் பழக்குவது இதைவிட எவ்வளவோ மேல். சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் கூடை மட்டும்தான்.

தரைக்கு எது?
தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீடுகளில் டைல்ஸ் தரை சகஜம். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு உள்ளதுபோல் மெத்தென்ற திண்டு கிடையாது, வெறும் ரோமம்தான். டைல்ஸில் கால் விரிந்து சறுக்கும். பிள்ளைகளுக்குப் போடும் ஃபோம் பாய் மலிவு, ஆனால் ஓரத்தைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். கோரைப்பாயைக் கடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் டைல்ஸில் பாயே நகரும். நான்கு மூலையிலும் கனமான சாமான் வைக்கவேண்டும். அடியில் ரப்பர் வைத்த, குட்டை இழைக் கம்பளம் நகராது. வளையம் வளையமாக நெய்த கம்பளம் வேண்டாம், நகம் மாட்டும். சோபா எதிரில் கம்பளம், முயல் படுக்கும் இடத்தில் கோரைப்பாய் என்று பிரித்துப் போடுவது நல்லது.

சோபாவில் ஏறவிடாமல் தடுப்பது வீண்வேலை. ஏறுவதில் ஆபத்து குறைவு, குதித்து இறங்குவதில்தான் வினை. 45 சென்டிமீட்டர் சோபாவுக்குப் பக்கத்தில், மேலே கம்பளம் ஒட்டிய 20 சென்டிமீட்டர் மரப்பெட்டியைப் படியாக வையுங்கள், பெட்டி ஆடக்கூடாது.

மாடிப்படிக்குக் குழந்தைத் தடுப்புக் கதவு வளர்ந்த முயலுக்குப் பெரும்பாலும் போதும். குட்டி அந்தக் கம்பி இடைவெளியில் நுழைந்துவிடும், அதனால் கீழ்ப்பாதியில் பலகை அடியுங்கள்.

பால்கனி: வலையா, கம்பியா, பெர்ஸ்பெக்ஸா?
தென்னாப்பிரிக்கக் கட்டட விதிப்படி பால்கனித் தடுப்பு குறைந்தது 1 மீட்டர் உயரம். இடைவெளியில் 100 மில்லிமீட்டர் பந்து நுழையக்கூடாது. அது மனிதக் குழந்தைக்காகப் போட்ட கணக்கு. குள்ள ஜாதி முயலுக்கு அந்த இடைவெளி திறந்த வாசல்.

நைலான் வலையை முயல் கடித்தே அறுத்துவிடும். கோழிவலை மெலிசு, வளையும், காலும் சிக்கும். பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டைக் கடிக்க விளிம்பு கிடைக்காது, ஆனால் காற்றை அடைத்துவிடும். டர்பனின் ஜனவரி, பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் அதுவே உயிருக்கு ஆபத்து. 13 மில்லிமீட்டர் கண்ணுள்ள, பற்றவைத்த துத்தநாகப் பூச்சுக் கம்பிவலைதான் சரி. பிளாஸ்டிக் கட்டு வேண்டாம், அதையும் கடிக்கும். இரும்புக் கம்பியால் முடுக்கி, நுனிகளை வெளிப்பக்கம் மடக்குங்கள். தொட்டி, நாற்காலி எதுவும் தடுப்பை ஒட்டி இருக்கக்கூடாது, அதுவே ஏணி ஆகிவிடும்.

டர்பனில் இன்னொரு தொல்லை, குரங்கு. தடுப்பின்மேல் குரங்கு வந்து உட்கார்ந்தால் மிரண்ட முயல் எங்கே பாயும் என்று சொல்லமுடியாது. கம்பிவலை கூரைவரை போகாத பால்கனியில் முயலைத் தனியாக விடாதீர்கள்.

மேசைக்கூண்டா, தரைக்கூண்டா?
தரைதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. தீபாவளிக்கும், நவம்பர் 5-இல் வரும் கை ஃபாக்ஸ் நாளுக்கும் வெடிக்கும் பட்டாசுக்கு மிரண்டு முட்டினால் மேசைக்கூண்டு கவிழும். திறந்த நொடியில் முயல் வெளியே பாயும். தரைக்கூண்டுக்குள் இரண்டு வாசலுள்ள அட்டைப்பெட்டி வையுங்கள், ஒளிந்துகொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் விழுந்துவிட்டால், பின்னங்காலை இழுக்கிறதா, சிறுநீர் தானாகக் கசிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் கையில் அள்ளாதீர்கள். தட்டையான பலகையில் மெல்ல நகர்த்தி, இருபுறமும் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், தீனி தொடாமல், புழுக்கை போடாமல் 12 மணி நேரம் போனால் அதுவும் அவசரம்தான். மனிதருக்கான வலி மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவேண்டாம்.