பெல்ட் மெஷின் ஏற்ற எந்த டிரெய்லர் வாங்கலாம்?

“அஞ்சு டன் தாராளமாத் தாங்கும்” என்று பட்டறையில் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் மனதில் இருப்பது மணல், நெல் மூட்டை, கரும்பு போலத் தட்டு முழுக்கப் பரவிக் கிடக்கும் பாரம். குபோட்டா டிசி-68 மாதிரியான பெல்ட் வகை அறுவடை மெஷின், அதாவது சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடுவது, 3 டன்னைத் தாண்டும். அது தானே ஓடி, பின் விளிம்பில் மொத்த எடையையும் வைத்து, அங்கிருந்து முன்னே நகர்ந்து நிற்கும். அதனால் எத்தனை டன் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு டிரெய்லரின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள்.

ஒற்றை ஆக்சில், இரண்டு டயர் டிரெய்லர் விலை குறைவு, வயல் மூலையில் சுலபமாகத் திரும்பும், ரிவர்ஸ் எடுக்கவும் லேசு. சிக்கல் ஏற்றும்போதுதான். ஆக்சிலிலிருந்து டிராக்டரில் மாட்டும் ஹூக் 3 மீட்டர், பின் விளிம்பு 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 டன் மெஷினின் நடுப்பாரம் பின் விளிம்புக்கு வரும் கணத்தில் ஹூக்கை 1.5 டன் விசை மேலே தூக்கும். 45-50 ஹெச்பி டிராக்டரின் மொத்த எடையே 2 டன் அளவுதான். பின் டயர்கள் தரையை விட்டுக் கிளம்பும், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் பயனில்லை. பின்னால் இரண்டு மூலையிலும் இறக்கி நிறுத்தும் முட்டுக்கால் இல்லாத டிரெய்லரை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். முட்டுக்கு அடியில் ஒரு அடி சதுரப் பலகை வைக்காவிட்டால் ஈர மண்ணில் அது இறங்கிவிடும்.

முன் ஆக்சிலோடு திரும்பும் வளையமான டர்ன் டேபிள் வைத்த நான்கு டயர் டிரெய்லரில் இந்தத் தூக்கல் பெரும்பாலும் இல்லை. பதிலுக்கு வேறு இரண்டு குறைகள். ஹூக்கில் பாரமே விழாததால் வரப்பு ஏற்றத்தில் டிராக்டர் டயர் வழுக்கிச் சுற்றும். ரிவர்ஸ் எடுக்கும்போது இரண்டு இடத்தில் மடங்கும். குறுகிய வாய்க்கால் கரையில் அனுபவமுள்ள டிரைவரே திணறுவார். நெல் வயலுக்கு இது ஒத்துவராது.

நாங்கள் பரிந்துரைப்பது நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக இரண்டு ஆக்சில் வைத்த டேன்டம் வகை. காரணம் டயர் அளவில் இருக்கிறது. மெஷின் 3.3 டன், டிரெய்லர் 1.6 டன், ஆக மொத்தம் 4.9 டன். ஹூக்கில் 600 கிலோ போக மீதி 4.3 டன்னை இரண்டு டயர் சுமந்தால் ஒன்றுக்கு 2,150 கிலோ, 9.00-20 லாரி டயர் இல்லாமல் முடியாது. அதன் உயரமே ஒரு மீட்டர். டயருக்கு மேல் தட்டு போட்டால் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் குறையாது. நான்கு டயர் என்றால் ஒன்றுக்கு 1,075 கிலோதான். 80 செ.மீ. உயரமுள்ள 7.50-16 போதும், தட்டு 95 செ.மீ.க்கு இறங்கிவிடும். டயரின் பக்கவாட்டில் பாரக் குறியீடு அச்சாகியிருக்கும்: 121 என்றால் 1,450 கிலோ, 140 என்றால் 2,500 கிலோ. பழைய டயர் போட்டுத் தருகிறார்கள் என்றால் அந்த எண்ணைப் படித்துவிட்டுப் பேசுங்கள். டேன்டமிலும் பின் முட்டு வேண்டும். ஸ்பிரிங்குகளை இணைக்கும் பேலன்சிங் வைத்த இரண்டு ஆக்சிலும் பாரத்துக்கு ஒரே ஆக்சில் போலத்தான் நடுப்புள்ளியில் ஆடும். கூர்மையாகத் திருப்பினால் டயர் தேய்வது இந்த வகையின் குறை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தட்டு ஏன் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது மெஷின் ஏறும் சாய்வான ராம்ப்பைச் செய்யும்போது தெரியும். ராம்ப்பின் நீளம் தட்டு உயரத்தைப் போல் 4 மடங்கு இருந்தால் சரிவு 15 டிகிரிக்குள் அடங்கும். 95 செ.மீ. உயரத்துக்கு 3.8 மீட்டர் ராம்ப். 100 மி.மீ. சேனல் (‘ப’ வடிவ இரும்பு) இரண்டு வைத்துக் குறுக்குக் கம்பி போட்டால் ஒரு ராம்ப் 90 கிலோ ஆகும். ஒரு நாளைக்கு நான்கு முறை அதை யார் தூக்குவது? தட்டின் கடைசி 1.2 மீட்டரை 30 செ.மீ. சரித்து அமைக்கச் சொல்லுங்கள். பின் விளிம்பு 65 செ.மீ.க்கு வரும், 2.6 மீட்டர் ராம்ப் போதும், எடை 60 கிலோ. 75 மி.மீ. சேனலில் செய்தால் எடை இன்னும் குறையும் என்பார்கள். நடுவில் வளைந்துவிடும், ஒத்துக்கொள்ள வேண்டாம். ராம்ப்பின் மேல்முனையில் கொக்கி இருந்தால் மட்டும் போதாது, லாக் பின் போட்டுப் பூட்ட வேண்டும். மெஷின் ராம்ப்பில் இருக்கும்போது ஸ்டீயரிங் லீவரைத் தொடக்கூடாது. நேராக நிற்கவில்லை என்றால் கீழே இறக்கி மறுபடி ஏற்றுவதுதான் வழி.

தட்டுக்குப் புடைப்பு வரி போட்ட 5 மி.மீ. செக்கர் பிளேட் போதும், ஆனால் சேறு பட்ட ரப்பர் பெல்ட் அதில் வழுக்கும். சரிவுப் பகுதியில் குறுக்கே 10 மி.மீ. முறுக்குக் கம்பியை 20 செ.மீ. இடைவெளியில் வெல்டு வைக்கலாம். ஆங்கிள் (‘எல்’ வடிவ இரும்பு) வேண்டாம், அதன் முனை பெல்ட்டைக் கிழிக்கும்.

விரிசல் முதலில் விடும் இடம் ஹூக் வரை நீளும் டிராபாரும் முன் குறுக்குச் சேனலும் சேரும் மூலை. அங்கே முக்கோணத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் பிராக்கெட்டை மெயின் சேனலின் கீழ் உதட்டில் குறுக்காக வெல்டு வைத்திருந்தால் அதுவும் நாளடைவில் அங்கேயே கிழியும். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யு போல்ட்டை முதல் லோடு இறக்கியதும் ஒருமுறை முறுக்க வேண்டும். பழைய லாரி ஆக்சில் போடுவதில் தவறில்லை; ஹப்பைக் கையால் சுற்றிப் பேரிங் சத்தம் கேளுங்கள், அந்தப் பேரிங்கின் எண் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

கட்டும் வளையங்களைத் தட்டில் வைக்காமல் சட்டத்தில் வெல்டு வைக்க வேண்டும், மூலைக்கு ஒன்று. 8 மி.மீ. கிரேடு 80 சங்கிலி ஒன்று 2 டன் வரை இழுக்கும். முன்னால் உள்ள வெட்டும் பகுதியான ஹெடரை மரக்கட்டை மேல் இறக்கி, சங்கிலியை மெஷினின் சேஸியில் குறுக்காக மாட்ட வேண்டும். ஹெடரிலோ தானியக் குழாயிலோ மாட்டக்கூடாது. பெல்ட் எங்கே நின்றால் ஹூக்கில் 600 கிலோ விழுகிறது என்பதை எடைமேடையில் ஒருமுறை பார்த்து, அந்த இடத்தில் தட்டில் கோடு போட்டுவிடுங்கள். 2.7 மீட்டர் உயர மெஷின் ஏறியதும் மொத்தம் 3.65 மீட்டர் ஆகும் என்பதால் கிராமத்து மின்கம்பி கவனம்.

பிரேக் இல்லாத டிரெய்லரைத்தான் பல பட்டறைகள் காட்டும். 2 டன் டிராக்டர் 5 டன்னை இறக்கத்தில் நிறுத்த முடியாது, டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளி மடித்துவிடும். கூடுதல் செலவானாலும் ஒரு ஆக்சிலுக்காவது பிரேக் கேட்டு வாங்குங்கள். டிராக்டரின் பின்னால் மேலே உள்ள டாப் லிங்க்கில் மாட்டி இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிக் கவிழும். கீழே உள்ள ஹூக் மட்டுமே. தை மாதச் சம்பா அறுவடைப் பனியில் பின் சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும் கட்டாயம்.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும். விற்பனைச் சான்று படிவம் 21, சாலைத் தகுதிச் சான்று படிவம் 22 இரண்டும் தர முடியாத பட்டறையில் முன்பணம் கொடுக்க வேண்டாம். வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் இன்சூரன்ஸில் அதைச் சொல்லியே எடுங்கள். வெல்டிங்கைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே ஒரு நாள் போய்ப் பார்த்துவிடுங்கள். அடித்த பிறகு எல்லாத் தையலும் ஒரே மாதிரி அழகாகத்தான் தெரியும்.