சொந்த வலைத்தளத்தைப் புதுப்பித்து வைத்திருக்க வேர்டுபிரஸா, ஹியூகோவா?

வட ஆற்காட்டுக் குடைவரைகளையும் சமணக் குகைகளையும் பற்றிய என் வலைத்தளத்தைச் சில ஆண்டுகள் வேர்டுபிரஸில் நடத்திவிட்டு, பிறகு ஹியூகோவுக்கு மாற்றினேன். வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் உள்ளூர் வரலாறு எழுதும் நண்பர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்பதால், வலைத்தளம் நடத்த உதவும் இந்த இரண்டு மென்பொருள்களையும் இங்கே ஒப்பிடுகிறேன். என் சாய்வு ஹியூகோவின் பக்கம்தான்.

2003இல் வெளிவந்த வேர்டுபிரஸ், கட்டுரைகளைத் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு வாசகர் கேட்கும்போது பக்கத்தை உருவாக்கித் தருகிறது. 2013இல் வந்த ஹியூகோ, நம் கணினியில் உள்ள உரைக் கோப்புகளிலிருந்து முழுத் தளத்தையும் முன்கூட்டியே உருவாக்கிவிடுகிறது. தொடங்க எளிது முன்னது; வேகமும் செலவுக் குறைவும் பின்னதற்கு.

எனக்கு முடிவைத் தந்தது பழைய பக்கங்களைத் திருத்தும் வேலை. புதுக் கட்டுரை வராததால் மட்டும் ஒரு தளம் பழசாகிவிடுவதில்லை; பழைய கட்டுரைகளில் உள்ள செய்தி காலாவதியாவதாலும் பழசாகிறது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலையும் மகேந்திரவாடிக் குடைவரையும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூர்ப் பக்கத்து ஆர்மாமலை திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போயின; வள்ளிமலை வேலூரிலேயே நின்றது. 1989இல் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்ததற்கு முந்தைய கல்வெட்டு அறிக்கைகளோ சீயமங்கலத்தையும் மாமண்டூரையும் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் வைத்தே பேசுகின்றன. அவற்றிலிருந்து எடுத்த மேற்கோள்களில் கை வைக்கக் கூடாது. ஆகவே ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. ஒவ்வொரு வரியையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஹியூகோ கோப்புறையில் 'வேலூர் மாவட்ட' என்று தேடினால் போதும். 'மாவட்டம்', 'மாவட்டத்தில்', 'மாவட்டத்தின்' என எந்த வடிவில் இருந்தாலும், எல்லாக் கோப்புகளிலிருந்தும் அந்தந்த வரி ஒரே பட்டியலாக வந்து நிற்கிறது. படித்துக்கொண்டே போய், வேண்டியதை அங்கேயே திருத்தலாம். வேர்டுபிரஸிலும் தேடலாம், ஆனால் அது கட்டுரைத் தலைப்புகளைத்தான் பட்டியலிடும். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே மறுபடி தேடி, திருத்தி, சேமித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மொத்தமாக மாற்றித் தரும் செருகுநிரல்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) உண்டு என்றாலும், வரிவரியாக ஆராய வேண்டிய இந்த வேலைக்கு அவை எனக்குப் பயன்படவில்லை.

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளோடு ஹியூகோவை இணைத்துவிட்டால், ஒரு பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியை அதுவே எடுத்துப் பக்கத்தில் காட்டச் செய்யலாம். குகைக்குப் போகும் வழியைப் படிக்கிறவருக்கு அந்தத் தகவல் எவ்வளவு பழையது என்பது தெரிந்தாக வேண்டும் என்பதால், இதை நான் பெரிதாக மதிக்கிறேன். வேர்டுபிரஸும் அந்தத் தேதியைச் சேமிக்கிறது. ஆனால் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருக்களில் பல, வெளியிட்ட தேதியை மட்டுமே காட்டுகின்றன.

பராமரிப்பிலும் வேறுபாடு பெரிது. வேர்டுபிரஸ், அதன் வார்ப்புரு, செருகுநிரல்கள், அடியில் ஓடும் பிஎச்பி என்ற நிரல்மொழி என நான்கையும் காலத்துக்கேற்பப் புதுப்பித்தாக வேண்டும், பிஎச்பி 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தபோது பழைய செருகுநிரல்களை நம்பியிருந்தவர்களுக்கு மாற்று தேடும் வேலையும் சேர்ந்துகொண்டது. எழுதக் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலை இதிலேயே கழிந்துவிடும். ஹியூகோவின் புதிய பதிப்புகளிலும் சில நேரம் வார்ப்புரு முரண்டுபிடிக்கும் என்றாலும், ஏற்கெனவே வெளியான தளத்துக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

கைபேசியில் வேர்டுபிரஸுக்குத்தான் முதலிடம். வள்ளிமலை அடிவாரத்தில் நின்றபடியே படத்தையும் இரண்டு வரிகளையும் ஏற்றிவிடலாம். ஹியூகோவில் நான் வீடு திரும்பும்வரை காத்திருக்கிறேன். பலர் சேர்ந்து எழுதும் தளத்தை ஹியூகோவில் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளை வரியைத் தொடத் தயங்குபவர்கள் அந்தக் குழுவில் இருந்தால் வேர்டுபிரஸே வசதி என்று ஊகிக்கிறேன்.

மாறுவதென்று முடிவுசெய்பவர்கள், பழைய கட்டுரை முகவரிகளை ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் மாற்று முகவரியாகக் குறித்துவிடுங்கள். பிறர் முன்பே கொடுத்திருக்கும் இணைப்புகள் அப்போதுதான் புதிய பக்கத்துக்கு வந்து சேரும்.