மார்க் 2 ஓடா, எம்-1 ஓடா, போர்க்காலச் சட்டையா? வேலூர்ச் சேகரிப்பாளருக்கு ஓர் ஒப்பீடு

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு: 1914–18 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்றுதான் சொல்கிறோம். ஆகவே வட ஆற்காட்டில் போர்க்காலச் சாமான் ஏலத்தில் மட்டும் கிடைப்பதில்லை. பரணிலிருந்தும் காயலான் கடையிலிருந்தும் வரும். அப்படி வருவது பெரும்பாலும் பிரிட்டிஷ் வகை. அமெரிக்க எம்-1 ஹெல்மெட்டும் எம்-1943 மேல்சட்டையும் வேண்டுமென்றால் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கும்.

முதல் உருப்படி எது என்றால், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் அணிந்த மார்க் 2 ஹெல்மெட், யோசிக்கவே வேண்டாம். தட்டைக் கவிழ்த்தது போன்ற அந்த வடிவத்தை எல்லோருக்கும் தெரியும். கையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் பாதிச் சோதனை முடிந்தது. இங்கிலாந்தில் ராணுவத்துக்குச் செய்த ஓடு மாங்கனீசு எஃகு. காந்தம் ஒட்டாது, விளிம்பில் மட்டும் லேசாக இழுக்கலாம். 'டப்' என்று ஒட்டினால், விமானத் தாக்குதல் காவலர்களுக்கும் ஆலைக் காவலுக்கும் சாதா எஃகில் செய்த குடிமக்கள் வகையாக இருக்கும். விளிம்பருகே துளையிட்டிருந்தால் அதுவும் ராணுவத் தரத்துக்குத் தேறாததன் அடையாளம். பின்விளிம்பில் வரிசையாக மூன்று துளை இருந்தால் கதை வேறு, அது தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு. போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்து விளிம்பின் அடிப்பக்கம், தாடை வார் மாட்டும் இடத்தருகே முத்திரையைத் தேடுங்கள். பி.எம்.பி., எச்.பி.எச்., ஆர்.ஓ. போன்ற தயாரிப்பாளர் எழுத்துகளும் ஆண்டும் இருக்கும். உள்பட்டையில் தனியாக அளவும் ஆண்டும் அச்சாகியிருக்கும். இரண்டும் ஓரிரு வருஷம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. ஓட்டில் 1939, உள்பட்டையில் 1952 என்றால் யாரோ ஜோடி சேர்த்திருக்கிறார்கள். ஏமாற்று நடக்கும் இடம் இந்த உள்பட்டைதான். நடுவில் இருக்கும் ஒரே திருகைக் கழற்றினால் போதும், எதையும் எதிலும் மாட்டிவிடலாம். திருகின் தலைக் காடியில் பெயிண்ட் அடைத்திருந்தால் பின்னாளில் மேலே அடித்த பூச்சு. துருக்குழிகளின் மேல் பூச்சு வழவழவென்று படிந்திருந்தாலும் அப்படித்தான்.

எம்-1 நுணுக்கமானது. 1941-இல் ஏற்கப்பட்ட இதை, போர்க்காலத்தில் மெக்கார்ட், ஷ்லூட்டர் என்ற இரண்டு நிறுவனங்கள் செய்தன. முன்விளிம்பின் உள்பக்கம் பொறித்த எண்ணுக்குக் கீழே 'எஸ்' இருந்தால் ஷ்லூட்டர். இங்கே காந்தம் அவ்வளவாகக் கைகொடுக்காது: போருக்குப் பின் அமெரிக்காவில் செய்ததும் அதே மாங்கனீசு எஃகுதான். பார்க்க வேண்டியவை இரண்டு. தாடை வார் மாட்டும் வளையம் அசையாமல் பற்றவைத்திருந்தால் 1943 வரையிலான ஓடு. ஆடினால் அதற்குப் பிந்தியது. விளிம்புப் பட்டியின் மூட்டு நெற்றிப் பக்கம் இருந்தால் 1944 கடைசிக்கு முந்தியது, பிடரிப் பக்கம் போனால் அதற்குப் பின். மூட்டு பின்னால், வளையம் ஆடும், ஆனால் விற்பவர் 'நார்மண்டி தரையிறக்கம்' (1944 ஜூன்) என்கிறார்: கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அச்சில் அழுத்தி வடித்தபோது எஃகில் தங்கிய இழுவிசை நாளாக நாளாக வெடிப்பது போர்க்கால ஓடுகளில் சகஜம். அந்த விரிசலை வெல்டிங் வைத்து மூடியதுதான் கெடுதல்.

எம்-1 லைனரில், அதாவது எஃகு ஓட்டுக்குள் பொருந்தும் தனி உள்ஓட்டில், தோல் வியர்வைப் பட்டை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். செருப்புக்குச் சரி, எண்பது வருஷத் தோலுக்கு வேண்டாம். எண்ணெய் தோலைக் கறுக்கவைக்கும், பக்கத்துத் துணிக்கு ஊறும், மழைக்காலத்தில் பூஞ்சைக்குச் சோறாகும். மார்க் 2-இல் இந்தத் தொல்லை இல்லை. அதன் உச்சியில் உள்ள ரப்பர் மெத்தைதான் பலவீனம்: ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரண்டு கோடை கிடந்தால் பிசினாகி, பிறகு கல்லாகிவிடும்.

சட்டைக்கு வருவோம். பிரிட்டிஷ் கம்பளி பேட்டில்டிரஸ்ஸில் (போர்க்களச் சீருடை) பெரிய குழப்பம், விரிந்த காலர் வைத்த 1949 வகையைப் போர்க்கால அதிகாரி சட்டை என்று விற்பது. போர்க்காலச் சிப்பாய்ச் சட்டை கழுத்து வரை மூடும். பைகளில் மடிப்பு இல்லாமல் பொத்தான்கள் வெளியே தெரிந்தால் சிக்கனக் காலத்து 1940 வகை. பர்மா முனைக்குப் போன இந்தியப் படைகளின் பச்சைப் பருத்திச் சட்டை நம் ஊர்க் கதைக்கு இன்னும் நெருக்கம். அம்புக்குறியும் அதன்கீழ் 'ஐ' எழுத்தும் இருந்தால் இந்திய அரசுச் சரக்கு. அமெரிக்க எம்-1943-இல் நான்கு பெரிய பை, முன்பக்கப் பொத்தான்கள் மறைவாக இருக்கும். முன்பக்கம் ஜிப் வைத்திருந்தால் எம்-1951 அல்லது எம்-65. கொரியா, வியட்நாம் காலம்.

தையலில் இருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிந்த மணத்தோடு சாம்பலாகும், கம்பளி முடி கருகிய நாற்றம் தரும். உருகி உருண்டை கட்டினால் பாலியஸ்டர், பின்னாளைய தையல். புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம், ஆனால் அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். அசல் சட்டையை இன்றைய சோப்புத்தூளில் ஒருமுறை அலசினாலும் ஒளிரும்.

பராமரிப்புக் கணக்கில் சட்டை தோற்றுவிடுகிறது. ஹெல்மெட்டுக்கு மென்மையான தூரிகையால் தூசு தட்டி, மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று கொடுத்தால் போதும். உப்புத்தாள், புளி இரண்டும் கிட்டவே வரக்கூடாது, மிஞ்சியிருக்கும் அசல் பெயிண்ட் போய்விடும். கம்பளிக்கு அந்துப்பூச்சி வரும். அந்துருண்டையை விடக் குளிர் நல்லது: பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி எடுத்து மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியில் வையுங்கள், இல்லாவிட்டால் ஈரம் துணியில் இறங்கும். பிறகு துவைத்த காடாத் துணியில் சுற்றிப் படுக்கவைக்க வேண்டும். கம்பி ஹேங்கர் தோளைக் கிழிக்கும். ஹெல்மெட்டை அதே பெட்டியில் வைக்காதீர்கள், துரு துணிக்கு ஏறும்.

சட்டை வாங்குபவருக்கு இன்னொன்று: சிப்பாய் என்று பிறர் நம்பும்படி ராணுவ உடையை அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆவது பிரிவில் குற்றம். சேகரித்து அலமாரியில் வைப்பதற்கு அது பொருந்தாது. மாட்டிக்கொண்டு கோட்டைக்குப் படம் எடுக்கப் போவது வேறு விஷயம்.